தரவுத்தளச் சர்வரும் மாற்றுப்பெயரும்

கல்லூரி முதல்வர்க்கு விண்ணப்பம் எழுதுவோன் உறையின்மேல் 'முதல்வர் அவர்கட்கு' என்று எழுதுகின்றானேயன்றி, அப்பதவியில் இருப்பாருடைய இயற்பெயரை எழுதுவதில்லை. அவர் ஓய்வுபெற்றுச் சென்று வேறொருவர் அவ்விடத்து அமர்ந்தாலும், அவ்வுறை சேரவேண்டிய மேசைக்கே சென்று சேரும். இயற்பெயர் எழுதப்பட்டிருந்தாலோ, ஓய்வுபெற்றார் வீட்டு வாயிலைத் தேடி அலையும். இஃது எல்லாரும் அறிந்த செய்தி. ஆயினும், நம் வாழ்க்கைக் கணக்குகளையெல்லாம் தம்முள் அடக்கியிருக்கும் கணிப்பொறிகளை அழைக்குமிடத்து இதனை அறிந்தும் மறந்தார் பலர். அம்மறதியால் விளையும் இடரும், அதனை நீக்கும் எளிய வழியும், அவ்வழியில் உள்ள சில பள்ளங்களும் இக்கட்டுரையிற் கூறப்படும்.

தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவன் இப்பொருள்பற்றி எழுதப் புகுந்தது நண்பர் சிலர்க்கு நகை விளைத்தல் கூடும். பெயரைப்பற்றிய ஆராய்ச்சி இலக்கணம் கற்பார்க்கு உரியதன்றோ என்பதே அவர்க்கு யான் கூறும் விடை.

தரவுத்தளம் என்பது ஒழுங்குபட அமைத்த பதிவேடுகளின் தொகுதி. அதனைக் காத்து, கேட்பார்க்குக் கேட்டவற்றை எடுத்துக் கொடுத்து, புதியவற்றை எழுதிக்கொள்ளும் கணிப்பொறியைச் சர்வர் என்ப. நூலகத்திற் புத்தகம் வழங்கும் மேசையிலுள்ள கணிப்பொறி தன்னுள் எதனையும் வைத்திருப்பதில்லை. உறுப்பினர் எண்ணைத் தட்டியவுடன் அஃது உள்ளறையிலுள்ள சர்வரை அழைத்து, 'இவர் கையில் எத்தனை நூல்கள் உள்ளன?' என்று வினவுகின்றது. அங்ஙனம் அழைப்பதற்குச் சர்வரின் பெயர் அதற்குத் தெரிந்திருத்தல் வேண்டும். சர்வரின் பெயர், தரவுத்தளத்தின் பெயர், உள்ளே செல்லுதற்குரிய அடையாளம் ஆகிய இவற்றை ஒரு வரியாக எழுதி மென்பொருளின் அமைப்புக் கோப்பில் வைத்திருப்பர். இதனை இணைப்புத்தொடர் என்னலாம். நம் ஆராய்ச்சி முழுவதும் இத்தொடரின் முதற்சொல்லைப்பற்றியதே.

சர்வர் ஒரே இடத்தில் என்றும் இருப்பதன்று. இயந்திரம் முதுமையடைகின்றது, வட்டு நிறைகின்றது, மென்பொருளை ஆக்கியோரே அதன் பழைய பதிப்பைக் கைவிடுகின்றனர். மைக்ரோசாப்ட் நிறுவனத்தாரின் எஸ்.க்யூ.எல். சர்வரை எடுத்துக்கொள்வோம். அதன் 2008ஆம் பதிப்பிற்கு அவர் அளித்துவந்த நீட்டித்த ஆதரவு 2019 ஜூலை 9ஆம் நாளோடும், 2012ஆம் பதிப்பிற்கு 2022 ஜூலை 12ஆம் நாளோடும், 2014ஆம் பதிப்பிற்கு 2024 ஜூலை 9ஆம் நாளோடும் முடிந்தன. அந்நாட்குப் பின்னர் ஒரு பாதுகாப்புக் குறை வெளிப்படின், தனிப்பொருள் கொடுத்து நீட்டிப்புப் பெற்றவர்க்கன்றி ஏனையோர்க்குத் திருத்தம் கிடையாது. ஆகவே, சில ஆண்டுகட்கு ஒருமுறை தரவுகளையெல்லாம் ஒரு சர்வரினின்று மற்றொன்றிற்கு மாற்றுதல் தவிர்க்கவொண்ணாத காரியமாகின்றது. இதனை மைக்ரேஷன் என்பர். குடிபெயர்தல் என்று நாம் கூறலாம்.

குடிபெயர்தலில் தரவுகளைப் பெயர்த்துக் கொண்டுசெல்வது கடினமான பகுதியன்று. அதற்குத் தேர்ந்த கருவிகள் உள. அழைப்பார் அனைவர்க்கும் புதிய பெயரைத் தெரிவிப்பதே கடினம். இதனை யான் நூலிற் கற்றேனல்லேன், கண்ணாற் கண்டேன்.

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நூலகத்திற் பழைய தமிழ் நூல்களின் பட்டியலைக் கணிப்பொறியில் ஏற்றும் வேலைக்குத் துணையாகச் சென்றிருந்தேன். அக்காலத்தில் அங்கே ஒரு சனிக்கிழமை இரவு சர்வரை மாற்றினார்கள். புதிய சர்வர்க்குப் புதிய பெயர். வழங்குமேசை, நூற்பட்டி தேடும் கணிப்பொறிகள், சந்தா வாங்குமிடம், மாதக் கணக்கு எடுக்கும் மென்பொருள் ஆகிய எல்லாவற்றின் இணைப்புத்தொடரிலும் பழைய இயந்திரத்தின் இயற்பெயரே எழுதப்பட்டிருந்தது. ஞாயிறு முழுதும் இருவர் அமர்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினர். திங்கட்கிழமை காலை யாவும் செவ்வனே நடந்தன, எல்லாரும் மகிழ்ந்தனர்.

வியாழக்கிழமை, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கைபேசியை நீட்டியவண்ணம் வந்து நின்றார். திருப்பித்தராத நூலுக்குத் தண்டம் கட்டுமாறு அதில் அறிவிப்பு வந்திருந்தது. "தம்பி, திங்கட்கிழமையே கொடுத்துவிட்டேனே! நாற்பது வருஷமாக இந்த நூலகத்துக்கு வருகிறேன். ஒரு நாள் தாமதித்ததில்லை" என்றார். அவர் குரலிற் கோபத்தினும் மிகுதியாக அவமானமே தோன்றிற்று. அலமாரியிற் சென்று பார்த்தபோது நூல் தன் இடத்தில் இருந்தது. கணக்கிலோ அஃது அவர் கையில் இருந்தது.

நடந்தது இதுதான். வாயிற்பக்கத்துச் சிற்றறையில், நூல்களைத் திரும்பப்பெறுவதற்கென்று ஒரு பழைய கணிப்பொறி இருந்தது. அதனை ஞாயிறன்று யாரும் நினைக்கவில்லை. பழைய சர்வரை 'எதற்கும் இருக்கட்டும்' என்று நிறுத்தாமல் விட்டிருந்தனர். சிற்றறைக் கணிப்பொறி தான் அறிந்த பழைய பெயரையே அழைத்தது. பழைய சர்வரும் உயிரோடிருந்தமையால் விடையளித்தது. பிழைச்செய்தி ஒன்றேனும் தோன்றவில்லை. நான்கு நாட்கள் திருப்பித்தந்த நூல்களெல்லாம் பழைய வீட்டில் எழுதப்பட்டன. எடுத்துச்சென்ற நூல்களெல்லாம் புதிய வீட்டில் எழுதப்பட்டன. இரண்டையும் ஒன்றாக்க முயன்றபோது மற்றுமோர் இடர் வெளிப்பட்டது. இரு சர்வர்களும் விட்ட இடத்திலிருந்தே வரிசையெண் கொடுத்துக்கொண்டு வந்தமையால், ஒரே எண் இருவேறு நிகழ்ச்சிகட்கு வாய்த்திருந்தது. கையினால் ஒவ்வொரு வரியையும் ஒப்பிட்டு எழுதவேண்டியதாயிற்று. பெயரழைப்பில் நேர்ந்த ஒரு வழு, பிழையற்ற மனிதர் ஒருவரை மேசைமுன் நின்று தம் நேர்மைக்குச் சான்று காட்டும்படி செய்தது.

இதற்கு மருந்தாவது, அலையஸ் எனப்படும் மாற்றுப்பெயர். நன்னூலார் பெயர்களை இடுகுறி, காரணம் எனப் பகுப்பர். இயந்திரத்திற்கு விற்போரும் நிறுவுவோரும் இடும் பெயர் பெரும்பாலும் இடுகுறியே. அப்பெயர் அவ்வியந்திரத்தோடு பிறந்து அதனோடே மறையும். மாற்றுப்பெயரோ அது செய்யும் தொழில் காரணமாக இடப்படுவது. 'நூற்பட்டி', 'சந்தாக்கணக்கு' என்றாற்போலத் தொழிலைக் குறித்து ஒரு பெயர் அமைத்து, எல்லா இணைப்புத்தொடர்களிலும் அதனையே எழுதிவிட்டால், அத்தொழிலை இன்று எவ்வியந்திரம் செய்கின்றது என்பதை ஓரிடத்திற் குறித்துவைத்தால் போதும். இயந்திரம் மாறும்போது அவ்வோரிடக் குறிப்பை மாற்றினால், அழைப்போர் எல்லாரும் தாம் அறியாமலே புதிய வீட்டிற்குச் சென்றுவிடுவர். சிற்றறையில் இருப்பவரும் தப்பார்.

காரணம் நோக்கிப் பெயரிடுவதிலும் ஒரு விழிப்பு வேண்டும். மாறக்கூடிய காரணத்தைப் பெயரில் வைத்தல் ஆகாது. '2014 சர்வர்' என்று மாற்றுப்பெயர் இட்டால், மறு பதிப்பிற்கு மாறிய அன்றே அப்பெயர் பொய்யுரைக்கத் தொடங்கும். கட்டடத்தின் பெயரும், மாடியின் எண்ணும், நிறுவியவர் பெயரும் இத்தகையனவே. தொழில் ஒன்றே நிலைத்தது.

இனி, இவ்வோரிடக் குறிப்பை எங்கே வைப்பது என்பது வினா. அதற்கு இருவழிகள் பெருவழக்காயுள.

முதலாவது டி.என்.எஸ். வழி. இதன் வரலாறு சுவையுடையது. அர்ப்பாநெட் என்ற பழைய வலையமைப்பில் இருந்த கணிப்பொறிகளின் பெயரும் முகவரியும் ஒரே கோப்பில் எழுதப்பட்டு, அமெரிக்க நாட்டு ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்திற் காக்கப்பட்டு வந்தன. ஏனையோர் அதனைப் படியெடுத்துக்கொள்வர். கணிப்பொறிகள் பெருகப் பெருக, ஒரு கோப்பை எல்லாரும் படியெடுத்தல் இயலாததாயிற்று. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பார் பெயர்களைப் பலவிடத்துப் பகிர்ந்துவைத்து, வேண்டுங்கால் வினவி அறியும் முறையை வகுத்தார். 1987இல் அது திருந்திய வடிவம் பெற்றது. அம்முறையே டி.என்.எஸ். இன்றும் ஒவ்வொரு கணிப்பொறியிலும் 'ஹோஸ்ட்ஸ்' என்று ஒரு சிறு கோப்பு இருப்பது அப்பழைய கோப்பின் வழித்தோன்றலே. இரண்டு மூன்று கணிப்பொறிகளே உள்ள இடத்தில் அதுவுங்கூட மாற்றுப்பெயர்க்கு உதவும்.

டி.என்.எஸ்.ஸில் ஒரு பெயர்க்கு நேரே எண்முகவரியை எழுதுவதை 'ஏ' பதிவு என்பர். ஒரு பெயர்க்கு நேரே மற்றொரு பெயரை எழுதுவதைச் 'சி-நேம்' பதிவு என்பர். 'நூற்பட்டி என்பது இன்ன இயந்திரமே' என்று சி-நேம் ஒன்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. கேட்பார் 'நூற்பட்டி எங்கே?' என்று வினவ, 'இன்ன இயந்திரத்தில்' என்ற விடையும் அதன் எண்முகவரியும் வரும். விண்டோஸ், லினக்ஸ், கைபேசி என்ற வேறுபாடின்றி எல்லாரும் இதனை வினவுவர். மாற்றுவதற்கோ ஒரே இடம். யான் அறிந்த அளவில், புதிதாகத் தொடங்குவோர்க்கு இதுவே சிறந்த வழி.

ஆயின், டி.என்.எஸ். விடைகளைக் கேட்டவர் சிறிது காலம் நினைவில் வைத்துக்கொள்வர். எவ்வளவு காலம் என்பதை அப்பதிவே நொடிக்கணக்கிற் கூறும். 3600 என்று இருந்தால் ஒரு மணி நேரம் பழைய விடையையே பற்றிக்கொண்டிருப்பர். ஆதலின், மாற்றத்திற்கு முதல்நாளே அவ்வெண்ணை 60 என்றாற்போலக் குறைத்துவிடல் வேண்டும். மாற்றும்போதே குறைப்போம் என்பது பயன்படாது. பழைய விடையோடு பழைய கால அளவையும் கேட்டவர் முன்னரே எடுத்துச் சென்றிருப்பார்.

இரண்டாவது, அழைக்கும் கணிப்பொறியிலேயே மாற்றுப்பெயரைக் குறித்துவைக்கும் வழி. விண்டோஸில் இதற்கு 'கிளைகான்பிக்' என்ற சிறு கருவி நெடுங்காலமாக உண்டு. அதில் மாற்றுப்பெயர், உண்மைச் சர்வர், போர்ட் எண் ஆகிய மூன்றையும் எழுதினால், அவை ரிஜிஸ்ட்ரி என்ற விண்டோஸின் உள்ளேட்டிற் பதியும். இவ்வழிக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. டி.என்.எஸ். இயந்திரத்தை மட்டுமே காட்டும். இயந்திரத்தினுள் எந்த வாயில் என்று காட்டாது. எஸ்.க்யூ.எல். சர்வரில் ஓர் இயந்திரத்திற் பல 'இன்ஸ்டன்ஸ்'கள் தனித்தனிப் பெயரோடு குடியிருத்தல் கூடும். முதன்மையானது 1433ஆம் போர்ட்டிற் காத்திருக்கும். ஏனையவை வேறு போர்ட்டுகளில் இருக்க, அவை எங்குள்ளன என்பதை 1434ஆம் போர்ட்டில் 'பிரௌசர்' என்ற வாயிற்காவலன் சொல்லுவான். பழைய சர்வரில் தனிப்பெயருடைய இன்ஸ்டன்ஸாக இருந்தது புதிய சர்வரில் முதன்மை இன்ஸ்டன்ஸாக மாறினால், சி-நேம் ஒன்றால் அம்மாற்றத்தை மறைக்கவியலாது. கிளைகான்பிக் மாற்றுப்பெயரோ வீட்டையும் வாயிலையும் சேர்த்தே மறைக்கும்.

இவ்வழியின் குறை, ஒவ்வொரு கணிப்பொறியிலும் தனித்தனியே எழுதவேண்டும் என்பது. அன்றியும், ஒரே கணிப்பொறியில் இருமுறை எழுதவேண்டும்! 32 பிட் மென்பொருள்கள் ஓரிடத்தும், 64 பிட் மென்பொருள்கள் வேறோரிடத்தும் ரிஜிஸ்ட்ரியை நோக்கும். இவ்விரண்டிற்கும் உரிய கிளைகான்பிக் கருவிகளும் இரண்டு. இவ்விடத்துப் பெயராராய்ச்சியாளர்க்கு ஒரு விருந்து காத்திருக்கின்றது. 64 பிட் கருவி 'சிஸ்டம் 32' என்ற கோப்புறையிலும், 32 பிட் கருவி 'சிஸ்வாவ் 64' என்ற கோப்புறையிலும் இருக்கின்றன. காரணப்பெயராய்ப் பிறந்த 'சிஸ்டம் 32', காரணம் மாறிய பின்னும் பழைய மென்பொருள்கள் அப்பெயரையே அழைத்துவந்தமையால் மாற்றவொண்ணாததாயிற்று. மாறக்கூடிய காரணத்தைப் பெயரில் வைத்தல் ஆகாது என்று மேலே கூறியதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

இக்குறையாற் பலர் ஏமாறுவர். எஸ்.க்யூ.எல். சர்வரை மேற்பார்வையிடும் மேனேஜ்மென்ட் ஸ்டூடியோ அதன் 20ஆம் பதிப்பு வரை 32 பிட் மென்பொருளாகவே இருந்தது. அதனைக்கொண்டு மாற்றுப்பெயரைச் சோதித்து, 'வேலை செய்கிறது' என்று எழுந்து சென்றபின், 64 பிட் மென்பொருள் ஒன்று அப்பெயரையே அறியாது விழிக்கும். மேலும், ஜாவா மொழியில் எழுதிய மென்பொருள்கள் பயன்படுத்தும் ஜே.டி.பி.சி. டிரைவர் இக்குறிப்பை நோக்குவதேயில்லை. அவ்வகை மென்பொருள்கட்கு டி.என்.எஸ். ஒன்றே புகல்.

பிற தரவுத்தளங்களிலும் இவ்வெண்ணம் உண்டு. ஆரக்கிளில் 'டி.என்.எஸ். நேம்ஸ்' என்ற கோப்பிற் பெயரெழுதி அழைப்பதே தொன்றுதொட்ட வழக்கு. அப்பெயரில் வரும் மூன்றெழுத்து மேற்கூறிய டி.என்.எஸ். அன்று. போஸ்ட்கிரஸில் அழைப்போர் பக்கத்துச் சர்வீஸ் கோப்பு ஒன்று உண்டு. அதனினும் நயமானது, போஸ்ட்கிரஸ்க்கு முன்னே நிற்கும் 'பிஜிபௌன்சர்' என்ற இடையாள். அழைப்பவர் அவ்விடையாளிடமே பேசுவர். குடிபெயரும்போது அவன் வருவோரைச் சற்று நிறுத்திவைத்து, குறிப்பை மாற்றிக்கொண்டு, பின்னர் அவரைப் புதிய சர்வர்க்கு அனுப்புவான். இடைநேரம் சிறிதாயின், வந்தவர் தாம் நின்றதையும் உணரார்.

மாற்றுப்பெயர் இட்டுவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இருத்தல் கூடாது. அது முகவரியை மறைக்குமேயன்றி ஆளை மாற்றாது. ஆளோடு வரும் பல அடையாளங்கள் அதற்குக் கட்டுப்படா.

அவற்றுள் முதலாவது சான்றிதழ். இந்நாளைய டிரைவர்கள் பேச்சை மறைகுறியாக்கிப் பேசுகின்றன. 2022இல் வெளிவந்த ஓ.டி.பி.சி. 18ஆம் டிரைவரும், 2021இல் வெளிவந்த டாட்நெட் டிரைவரின் 4ஆம் பதிப்பும் கேளாமலே மறைகுறியாக்கத்தை மேற்கொள்ளுவன. அங்ஙனம் பேசுமுன், தாம் அழைத்த பெயரும் சர்வர் காட்டும் சான்றிதழிற் கண்ட பெயரும் ஒன்றா என்று பார்க்கும். சி-நேம் இட்டு 'நூற்பட்டி' என்று அழைத்து, சான்றிதழில் இயந்திரத்தின் இயற்பெயர் மட்டும் இருந்தால், 'நீ நான் தேடியவன் அல்லை' என்று டிரைவர் திரும்பிவிடும். சான்றிதழ் பெறும்போதே மாற்றுப்பெயரையும் அதிற் சேர்த்துப் பெறல் வேண்டும். சிலர் 'எச்சான்றிதழையும் நம்புக' என்று இணைப்புத்தொடரில் எழுதி இதனைக் கடப்பர். அது காவலன் கண்ணைக் கட்டிவிட்டு வாயிலில் நிறுத்துதலை ஒக்கும்.

இரண்டாவது கெர்பரோஸ். விண்டோஸ் வலையமைப்பில் பயனரை அடையாளங்காணும் முறை அது. எச்சேவை எப்பெயரில் இயங்குகின்றது என்பதை முன்னரே பதிவுசெய்திருந்தாலன்றி அது நிகழாது. புதிய சர்வர்க்கு அப்பதிவு வேண்டும். 'ஏ' பதிவாக மாற்றுப்பெயர் இட்டால் அப்பெயர்க்கும் வேண்டும். பதிவு இல்லாவிட்டாற் பேச்சு பெரும்பாலும் நின்றுவிடாது, என்.டி.எல்.எம். என்ற பழைய முறைக்கு இறங்கிவிடும். அதனாலேயே இக்குறை நெடுநாள் மறைந்திருக்கும். ஒரு சர்வரினின்று மற்றொரு சர்வர்க்குப் பயனரின் அடையாளத்தைக் கொண்டுசெல்லும் வேலை வரும்போதுதான் வெளிப்படும். இதனோடு ஒத்த மற்றொரு வினோதம், விண்டோஸ் இயந்திரம் தன்னையே மாற்றுப்பெயரால் அழைத்து விண்டோஸ் அடையாளத்தோடு புகமுயன்றால் தனக்கே வாயிலை மறுப்பது. இது திருடர் ஒருவகைச் சூழ்ச்சிக்கு அஞ்சி வைத்த காவல். 'இப்பெயரும் என் பெயரே' என்று ரிஜிஸ்ட்ரியில் எழுதிவைத்தால் நீங்கும்.

மூன்றாவது, உள்ளிருப்போர். தரவுத்தளத்தைப் படியெடுத்துப் புதிய சர்வரில் நிறுவும்போது, அதனுள் இருக்கும் பயனர் பெயர்கள் கூடவே வரும். சர்வரின் வாயிலிற் புகும் உரிமையான 'லாகின்' வாராது. அதே பெயரிற் புதிய லாகின் அமைத்தாலும், உள்ளே இருக்கும் அடையாள எண் வேறாதலின் இரண்டும் பொருந்தா. அத்தகைய பயனரை 'அநாதைப் பயனர்' என்றே ஆங்கிலத்தில் வழங்குவர். பழைய அடையாள எண்ணோடே லாகின்களைப் பெயர்த்தல் வேண்டும். குறித்த நேரத்தில் ஓடும் வேலைகளும், பிற சர்வர்களோடு கொண்ட தொடர்புகளும் இவ்வாறே தனியாகப் பெயர்க்கப்படவேண்டியன.

இனி, குடிபெயரும் இரவைப்பற்றிச் சில சொற்கள். புதிய எழுத்துகள் வாராதபடி பழைய சர்வரை முதலில் நிறுத்துதல் வேண்டும். பின்னரே இறுதிப் படியெடுத்துப் புதிய சர்வரில் ஏற்றி, எண்ணிக்கைகளை ஒப்பிட்டு, மாற்றுப்பெயரைத் திருப்பவேண்டும். திருப்பியவுடன் எல்லாரும் வந்துவிடுவர் என்று எண்ணற்க. பெயரைக் கேட்பது புதிதாக அழைக்கும்போது மட்டுமே. முன்னரே திறந்துவைத்த இணைப்புகள் பழைய சர்வரையே பற்றிக்கொண்டிருக்கும். மென்பொருள்கள் இணைப்புகளை ஒரு குளம்போலச் சேர்த்துவைத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்துவன ஆதலின், அவற்றை ஒருமுறை நிறுத்தித் தொடங்குதலே நன்று.

எல்லாவற்றினும் தலையாயது, பழைய சர்வரில் தரவுத்தளத்தை மூடிவிடுதல். அழித்தல் வேண்டுவதில்லை, அழைத்தால் விடை வாராதபடி மூடினாற் போதும். வழிதவறி வந்தவன் கதவு சாத்தியிருக்கக் கண்டாற் கூவுவான். அவன் இருப்பிடம் நமக்குத் தெரியவரும். திறந்திருந்தால் உள்ளே சென்று உட்கார்ந்து எழுதத் தொடங்கிவிடுவான். அந்நூலகத்தில் 'எதற்கும் இருக்கட்டும்' என்று விட்டதே நான்கு நாள் துன்பத்திற்கும் வித்தாயிற்று. சிற்றறைக் கணிப்பொறி திங்கட்கிழமை காலை முதல் நூலிலேயே பிழை காட்டியிருந்தால், அரைமணி நேரத் தாமதத்தோடு யாவும் முடிந்திருக்கும்.

புதிய சர்வர் பழுதுபட்டால் மாற்றுப்பெயரைப் பழையதற்கே திருப்பிவிடலாம் என்பர். அதற்கும் ஓர் எல்லை உண்டு. புதியதில் ஒருவரேனும் எழுதிவிட்ட பின்னர், அவ்வெழுத்தை எடுத்துக்கொள்ளாமல் திரும்புதல் முன்கூறிய பிளவையே மீண்டும் விளைக்கும். ஆதலின், திரும்புவதா வேண்டாவா என்பதை, பொதுமக்களுக்குக் கதவு திறக்கும் முன்னரே முடிவுசெய்தல் வேண்டும்.

இதுவரை மாற்றுப்பெயர் இல்லாத இடத்தில் எப்பொழுது தொடங்குவது? குடிபெயரும் இரவிலன்று, இன்றே. இப்போதுள்ள சர்வர்க்கே மாற்றுப்பெயர் இட்டு, ஒவ்வொரு மென்பொருளாக அதற்கு மாற்றிக்கொண்டு வரலாம். இரு பெயரும் ஒரே வீட்டிற்கே வழிகாட்டுவதால் எவர்க்கும் தீங்கில்லை. ஒன்று தவறினால் பழைய பெயர்க்கு மீளலாம். அழைப்போர் யாவர் என்று அறிவது எங்ஙனம் எனின், சர்வரே அதற்கு விடையளிக்கும். இந்நொடியில் எவ்வெக் கணிப்பொறியிலிருந்து எவ்வெம்மென்பொருள் இணைந்துள்ளது என்ற பட்டியலை எஸ்.க்யூ.எல். சர்வர் காட்டும். எப்பெயரால் அழைத்தனர் என்பதை அப்பட்டியல் காட்டாது; ஆயினும், சென்று பார்க்கவேண்டிய கணிப்பொறிகளின் பெயர்கள் கிடைத்துவிடும். ஒரு மாதம் நாள்தோறும் அதனைக் குறித்துவைத்தால், மாதத்திற்கு ஒருமுறை மட்டும் வாய்திறக்கும் மென்பொருளும் அகப்படும்.

அந்நூலகத்தார் அவ்வண்ணமே செய்தனர். விடுமுறை முடியுமுன் யான் செய்த கடைசி வேலை, அப்பட்டியலைக் கையிற்கொண்டு அறை அறையாகச் சென்று இணைப்புத்தொடர்களைப் பார்த்து வந்ததாகும். ஒருவரும் நினையாத கணிப்பொறிகள் இன்னும் இரண்டு அகப்பட்டன. ஒன்று மாடிப்படியின் கீழ், தூசிபடிந்த நிலையில், ஆண்டறிக்கைக்கு மட்டும் பயன்படுவது. வாயிற்பக்கத்துச் சிற்றறைக் கணிப்பொறியில் 'நூற்பட்டி' என்ற சொல்லை யானே தட்டினேன். அப்பொழுது அம்முதிய ஆசிரியர் வழக்கம்போல் நூலைத் திருப்பித்தர வந்திருந்தார். இம்முறை நூலை மேசைமேல் வைத்துவிட்டுப் போகவில்லை. திரையில் தம் பெயர்க்கு நேரே 'திரும்பப் பெறப்பட்டது' என்று வரும்வரை நின்று பார்த்துவிட்டே சென்றார்.